சீட்டில் எழுதியபடி

சாரல் காலத்தில் குற்றாலத்துப் பக்கம் தராசை நம்பக் கூடாது, ஐயா. ஆனி பிறந்துவிட்டால் உப்பும் பொடியும் காற்றிலிருந்தே தண்ணீர் குடித்துவிடும். நான்கு குந்துமணி எடை போட்டால் மூன்றுதான் மருந்து, மீதி சாரல். தென்காசியில் உட்கார்ந்திருக்கும் தங்களுக்கு இது புதிதல்ல. தங்கள் மேஜையில் கிடக்கிற காகிதக் கட்டும் நமுத்துத்தான் இருக்கிறது.

என் பெயர் கடற்கரை. வயது நாற்பத்திரண்டு. மேலகரம் தர்ம ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் வல்லிநாயகம் எப்படி இறந்தார் என்று விசாரிக்கத் தாங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரே வரியிலும் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் தராசிலிருந்தே தொடங்குகிறேன்.

எடை பிசகுகிற இந்தத் தொல்லைக்கு வழி கண்டவன் நான்தான். பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்திருக்கும்போதே மருந்துகளை எடை போட்டு, வடித்த தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, பழுப்புக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து வைத்துவிடுவேன். அதற்கு ஸ்டாக் என்று பெயர். சாரல் தொடங்கியபின் தராசைத் தொடவே வேண்டாம். ஸ்டாக்கில் பத்துத் துளி எடுத்துத் தண்ணீர் விட்டு, வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். எவ்வளவு தண்ணீர் என்பது மட்டும்தான் கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் டாக்டரய்யா சறுக்கினார். அவர் நல்ல டாக்டர். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். என் மனைவி சங்கரம்மாள் பிரசவத்தில் ஜன்னி கண்டு கிடந்தபோது மூன்று பகல் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிழைக்க வைத்தார். குழந்தையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளைத் திருப்பிக் கொடுத்தாரே என்று அன்றைக்கு நான் அவர் காலில் விழுந்தேன். யாரும் சொல்லி விழவில்லை.

ஆனால் சதவீதம் மட்டும் அவர் தலையில் ஏறாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் கண்ணில் சீழ் வைக்காமல் இருக்க சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவோம். அது நூற்றுக்கு ஒன்று இருக்க வேண்டும். என்னிடம் இருந்த ஸ்டாக் நூற்றுக்கு இருபது. இருபதை ஒன்றாக்க வேண்டுமென்றால் தொண்ணூற்றைந்து சதவீதம் குறைக்க வேண்டும், இல்லையா. அதனால் நூறு துளி ஸ்டாக்குக்குத் தொண்ணூற்றைந்து துளி தண்ணீர் என்று சீட்டில் எழுதி அனுப்பினார். கேட்பதற்குச் சரி போலத்தான் இருக்கும். படித்தவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் போடுவார்கள்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே சமாச்சாரம் சமன்பாடு. தெரியாததற்கு எக்ஸ் என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. அந்தச் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினேன். நூறு துளி ஸ்டாக்கில் மருந்து இருபது. விட வேண்டிய தண்ணீர் எக்ஸ். தண்ணீர் விட்டபின் மொத்தம் நூறு கூட்டல் எக்ஸ். இதில் நூற்றில் ஒரு பங்குதான் அந்த இருபது. ஆகவே நூறு கூட்டல் எக்ஸ் சமம் இரண்டாயிரம். எக்ஸ் சமம் ஆயிரத்துத் தொள்ளாயிரம். டாக்டரய்யா எழுதியதோ தொண்ணூற்றைந்து. அவர் சொன்னபடி கலந்தால் நூற்றுத் தொண்ணூற்றைந்தில் இருபது, அதாவது பத்து சதவீதத்துக்கும் மேல். பிஞ்சுக் கண்ணில் அதை விட்டால் கண் இருக்காது.

சீட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மதியம், நோயாளிகள் யாரும் இல்லை. அவர் வாங்கிப் பார்த்தார். என் பின்பக்கக் கணக்கை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். சீட்டை மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு இந்தப் பர்சென்ட் மட்டும் வரவே மாட்டேங்குது வே" என்றார். "படிக்கும்போதே தட்டுத்தடுமாறித்தான் தப்பிச்சேன். பொடியை நிறுத்துக் கலக்குத வரைக்கும் தெரியல. இப்ப உம்ம ஸ்டாக்கு வந்து என் மானத்தை வாங்குது."

"நூறு எதுல நூறுன்னு பாத்தாப் போதும் ஐயா. அம்புட்டுத்தான்."

"அதெல்லாம் வேண்டாம். நான் என் பாட்டுக்கு எழுதுதேன். எழுதலைன்னா டாக்டருக்கு என்ன மரியாதை. நீரு பின்னால போட்டுப் பாத்துச் சரியாக் கலந்திரும். வெளிய மூச்சு விடக் கூடாது. சரியா வே?"

சரி என்றேன். அவர் என்னைச் சமதையாக 'வே' என்று கூப்பிட்டால் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. 'லே' போட்டுக் கூப்பிடக்கூடிய இடத்தில் இருந்தவர் அவர்.

அன்றிலிருந்து பதினோரு வருஷம். அவர் முன்பக்கம் தப்பாக எழுதுவார். நான் பின்பக்கம் எக்ஸ் போட்டுத் திருத்துவேன். கலந்த பிறகு சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பேன். கிழித்துப் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. என் கணக்குகள் மேல் எனக்கு ஒரு ஆசை, ஐயா. சிலருக்குப் பாக்குவெட்டி, சிலருக்குச் சேவல். எனக்கு அந்தக் கம்பி. மழை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நாட்களில் பழைய சீட்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பதினோரு வருஷத்தில் ஒரு குழந்தையின் கண் சிவக்கவில்லை. ஊரில் வல்லிநாயகம் டாக்டர் கைராசிக்காரர் என்று பேர். அந்தக் கைராசியில் பாதி கம்பியில் தொங்கியது. இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருஷம் ஆடி மாதம் வீரகேரளம்புதூரில் என் அக்கா இறந்துவிட்டாள். நான்கு நாள் போக வேண்டியதாயிற்று. என் இடத்தில் செங்கோட்டையிலிருந்து மசூது என்ற கம்பவுண்டரை வரவழைத்தார்கள். நல்ல பையன், சொன்னதைச் செய்வான். டாக்டரின் கணக்கைத் திருத்த வேண்டும் என்று நான் அவனிடம் சொல்ல முடியுமா? வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் நான்கு நாளுக்கு வேண்டிய சொட்டு மருந்தை நானே இறக்கி ஒரு குப்பியில் வைத்துவிட்டுப் போனேன். வெளிச்சம் பட்டால் சில்வர் கறுத்துவிடும், அலமாரியை விட்டு எடுக்காதே என்றும் சொன்னேன். அவன் கைக்கு எட்டட்டும் என்று ஜன்னலோரம் வைத்திருக்கிறான். இரண்டாம் நாள் அது கறுத்துவிட்டது. கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டு, டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கி, சீட்டில் எழுதியபடியே கலந்தான்.

மேலகரத்தில் நடவுக்குப் போகிற முருகம்மாளுக்கு அன்றைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் நாள் அந்தக் குழந்தையின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. நான் திரும்பி வந்தபோது அது ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தது. கண் வெள்ளையாக, வெந்த முட்டை மாதிரி இருந்தது. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ளலாம். பத்து சதவீதம் என்ன செய்யும் என்பது எனக்கு ஏட்டில் படித்துத் தெரிந்த விஷயம் அல்ல.

ஆவணிக் கடைசியில் ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. ஐந்து பெரிய மனிதர்கள், நடுவில் டாக்டரய்யா. என்னை நிற்க வைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று சங்கரம்மாள் இன்றுவரை கேட்கிறாள். அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன், ஐயா. அவர் வாயால் வர வேண்டிய வார்த்தை அது. நான் சொன்னால் காட்டிக்கொடுத்தது ஆகும்.

அவர் எழுந்து உள்ளே போய் என் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். மேஜை மேல் வைத்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார்.

"இத பாருங்க. பதினோரு வருஷமா எனக்குத் தெரியாம என் மருந்தையெல்லாம் இவன் இஷ்டத்துக்கு மாத்திக்கிட்டு வந்திருக்கான். எல்லாம் இவன் கையெழுத்து. ஸ்டாக்கு எந்த லெட்சணத்துல போட்டு வச்சிருந்தானோ, அதுலதான் பிள்ளை கண்ணு போயிருக்கு" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்குகளைப் போல யோக்கியமான காரியம் நான் வாழ்க்கையில் வேறு ஒன்றும் செய்ததில்லை. அதையே எடுத்து என் கழுத்தில் போட்டார். நம்பினவனைக் கழுத்தறுப்பது என்று சொல்லுவார்கள். அறுபடும்போது வலிக்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய் கை கால் கழுவிச் சோற்றில் உட்கார்ந்தபோதுதான் வலித்தது.

பெரிய மனது பண்ணி என் வேலையை எடுக்கவில்லை. அதுவும் டாக்டரய்யா சிபாரிசுதான். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இனிமேல் சீட்டில் எழுதியபடியே கலப்பேன், ஒரு துளி கூடவோ குறையவோ மாற்றமாட்டேன், மாற்றினால் போலீசில் ஒப்படைக்கலாம் என்று எழுதியிருந்தது. போட்டேன். வெளியே வரும்போது நடையில் அவர் என் தோளைத் தொட்டார்.

"எனக்கு வேற வழி இல்ல, கடற்கரை. என் பேரு கெட்டா ஆஸ்பத்திரியே படுத்திரும். உங்க வேலை போகாம பாத்துக்கிட்டேன்லா" என்றார். 'வே' போய் 'உங்க' வந்திருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. முருகம்மாள் ஒரு நாள் தெருவில் மறித்து, "எம் பிள்ளை கண்ணை எடுத்துட்டு ஒனக்கு மட்டும் எப்படிலே வழி தெரியுது" என்று கேட்டாள். அவளை நான் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் அப்படிக்கூடக் கேட்கவில்லை. கைக்குழந்தையோடு வருகிற பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினார்கள். கண்ணேறு படாமல் மூடுவார்களே, அது மாதிரி. பிள்ளை இல்லாத வீட்டுக்காரனுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லித் தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சங்கரம்மாள் தண்ணீர் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள்.

நான் எழுதியபடியே கலந்தேன். பத்து மாதம்.

கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஆயிரப்பேரியிலிருந்து வந்த ஒரு கிழவருக்குக் காலில் புண். கார்பாலிக் அமிலம் கலந்த கழுவு தண்ணீர், டாக்டரய்யா கணக்குப்படி. தோல் உரிந்து இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒரு ஆளுக்குக் காதில் விடுகிற மருந்து. ஒரு பக்கம் இப்போது கேட்காது. வேறு ஒரு பெண்ணும் உண்டு, அவள் பேர் நினைவில்லை. சீட்டு கைக்கு வந்ததும் தலைக்குள் எக்ஸ் தானாக வந்து நின்றுவிடும். அதை என்ன செய்ய? வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் குப்பிக்குள் போயிற்று. சட்டப்படி நான் செய்ததில் குற்றம் இல்லை.

கிழவருக்கு விரல் எடுத்த அன்று டாக்டரய்யா மருந்து ஜன்னலுக்கு வந்தார். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நோயாளி மாதிரி நின்றார்.

"எழுதுனது தப்புன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன் ஐயா."

"நான்தானே கேக்குதேன்."

"அன்னைக்கு நானும் நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன் ஐயா."

அவர் தம் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு சீட்டுகள் தாமதமாக வந்தன. நீர் கலந்து இறக்குகிற மருந்துகளை அவர் எழுதுவதும் குறைந்தது. கண் சொட்டு மருந்தை முருகம்மாள் குழந்தைக்குப் பிறகு எழுதவே இல்லை. ஏதோ பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரே மகள், முத்துவடிவு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, போகாத கோயில் இல்லை, குளிக்காத அருவி இல்லை. இந்த வருஷம் சித்திரையில் ஏழாம் மாதத்தோடு தாய் வீட்டுக்கு வந்தாள். டாக்டரய்யா பத்து வயது குறைந்த மாதிரி நடந்தார். ஆடி ஏழாம் தேதி காலையில் பெண் குழந்தை பிறந்தது. அன்று மதியம் மருத்துவச்சி பார்வதியம்மாள் சொட்டு மருந்துக்குச் சீட்டு கொண்டுவந்தாள். மருந்து கலந்து, குப்பியில் அடைத்து, கறுப்புக் காகிதம் சுற்றிக் கொடுத்தேன். அவள் கை நனைந்திருந்தது, வழுக்காமல் பிடி என்றுகூடச் சொன்னேன்.

பத்தாம் தேதிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முருகம்மாள் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ அதேதான். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பதினைந்தாம் தேதி டாக்டரய்யா தாமாகவே கமிட்டியைக் கூட்டினார். என்னையும் வரச் சொன்னார். இந்தத் தடவை நின்றவர் அவர்.

"போன வருஷம் நான் சொன்னது பொய்" என்றார். "பதினோரு வருஷமா என் தப்பைத் திருத்திக்கிட்டு வந்தது கடற்கரை. அவருக்கு நான்தான் வாய்ப்பூட்டு போட்டேன். முருகம்மா பிள்ளை கண்ணும் என் கணக்குலதான் போச்சு, என் பேத்தி கண்ணும் என் கணக்குலதான் போச்சு. அந்த மனுசனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

கமிட்டிப் பெரிய மனிதர்கள் என் கையைப் பிடித்தார்கள். மறுநாள் காலை முருகம்மாள் வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து அழுதாள். சங்கரம்மாள் ஒரு வருஷத்துக்குப் பிறகு குடத்தோடு கிணற்றுக்குப் போனாள். தெருவில் ஒரு பெண் தன் பிள்ளையை என்னிடம் நீட்டி, "மாமாவுக்குக் கையைக் காட்டு" என்றாள். எனக்கு வர வேண்டியது வந்துவிட்டது, ஐயா. பாலும் குடித்தேன், தூக்கமும் வந்தது.

பதினேழாம் தேதி விடிந்தபோது டாக்டரய்யாவின் உடல் பேரருவிக்குக் கீழே பாறைகளுக்கு நடுவில் கிடந்தது. குளிக்கப் போனவர்கள் பார்த்தார்கள்.

இதுவரை சொன்னது தங்கள் காகிதக் கட்டில் உள்ளதுதான். வல்லிநாயகம் டாக்டர் சதவீதக் கணக்கில் தப்புச் செய்து பேத்தியைக் குருடாக்கினார், மனம் பொறுக்காமல் அருவியில் விழுந்தார் என்று தாங்கள் எழுதி முடிக்கப் போகிறீர்கள். நான் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும். ஊர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுக்குள் இல்லாத இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, அவர் கமிட்டியைக் கூட்டுவதற்கு முந்தின நாள். பதினாலாம் தேதி மதியம், மருந்து ஜன்னலுக்கு வந்தார். ஒரு வாரம் சவரம் செய்யாத முகம்.

"வே" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு. "நான் எக்ஸ் போட்டுத்தான் எழுதுனேன். நூத்தித் தொண்ணூறுன்னு எழுதுனதா நெனப்பு. பத்துத் துளிக்கு நூத்தித் தொண்ணூறு. உம்ம பழைய சீட்டையெல்லாம் எடுத்து வச்சு அஞ்சாறு மாசமாப் படிக்கேன் வே. ஒமக்கு ஒரு நாள் போட்டுக் காட்டணும்னு இருந்தேன். சீட்டுல நான் என்ன எழுதிருந்தேன்?"

"ஒன்பதரைன்னு எழுதிருந்தீங்க ஐயா" என்றேன்.

"நல்லாப் பாத்தீரா?"

"நீங்க எப்பவும் போடுத மாதிரிதான். பத்துக்கு ஒன்பதரை."

"சீட்டு இருக்கா?"

"பின்னாடி கமிட்டிக்காரங்க வந்து உங்களை எதுவும் கேட்டிரக் கூடாதுன்னு கொளுத்திட்டேன்."

அவர் கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். சில்வர் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன என் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கை பழைய வழக்கத்துல எழுதிருச்சு போல" என்றார். "இவ்வளவுக்குப் பிறகும் எனக்காகக் கொளுத்தினீரே வே." பிறகு அழுதார். நான் கையை எடுக்கவில்லை. அவரை அருவிக்குப் போகச் சொன்னவன் நான் அல்ல. நான் ஒரு எண்ணைத்தான் சொன்னேன்.

இரண்டாவது, அந்தச் சீட்டு. ஆடி ஏழாம் தேதி பார்வதியம்மாள் கொண்டுவந்த சீட்டு. பத்துத் துளி ஸ்டாக், நூற்றுத் தொண்ணூறு துளி தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தது. கீழே முழுக் கணக்கும் இருந்தது. பத்துத் துளியில் மருந்து இரண்டு. பத்து கூட்டல் எக்ஸ், அதில் நூற்றில் ஒரு பங்கு சமம் இரண்டு. பள்ளிக்கூடப் பையன் மாதிரி, ஒரு வரி விடாமல் போட்டிருந்தார். அடியில் ஒரு வரி: 'கடற்கரை, சரிதானா பார்த்துக் கலக்கவும்.'

நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். அப்பழுக்கு இல்லாத கணக்கு. அவருக்கு வந்துவிட்டது. பதினோரு வருஷம் நான் சுமந்ததை அவர் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டார், அதுவும் என் சீட்டுகளை வைத்து, என்னைத் திருடனாக்கிய அதே சீட்டுகளை வைத்து. முருகம்மாளின் குழந்தைக்கு வராத புத்தி சொந்தப் பேத்திக்கு வந்தது. இனி அவருக்கு நான் வேண்டாம். இனி ஒரு நாளும் அவர் தப்பு வெளியே தெரியப் போவதில்லை. அப்படியானால் பெண்கள் முந்தானையால் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு போவது மட்டும் என் சாவு வரைக்கும் நடக்கும். அந்த இடத்தில் நின்று யோசித்தேன். சீட்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். பத்துத் துளி ஸ்டாக் எடுத்தேன். ஒன்பதரைத் துளி தண்ணீர் விட்டேன். பத்து மாதத்தில் அன்றைக்கு ஒரு தடவைதான் எழுதியதை மாற்றினேன். மாற்றினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் எப்போதும் எழுதுகிறதையே கலந்தேன்.

இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஊர் மரியாதை கசந்ததாலோ, டாக்டரய்யா கனவில் வந்ததாலோ அல்ல. அவர் வாழ்நாளில் போட்ட ஒரே சரியான கணக்கு அது. அதைத் தப்பு என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. திருத்திப் பழகிய கை, ஐயா. பத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. சரியான விடை. எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். தெரியாது. நான் விசாரிக்கவில்லை. ஆடு பகை, குட்டி உறவா என்று சொல்லுவார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை, ஐயா. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.